எங்க நாய் பார்க்ல ஒரு பையனைக் கடிச்சிடுச்சு, இப்ப என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க வியாசர்பாடி எம்.கே.பி. நகர்ல இருக்கோம், பேர் போட வேணாம். வீட்ல ஒரு ராஜபாளையம் இருக்கு, ஆண், மூணு வயசு. மாமனார்தான் தினமும் சாயங்காலம் கார்ப்பரேஷன் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவாரு. போன ஞாயித்துக்கிழமை கூட்டம் கம்மியா இருக்கேன்னு சங்கிலியை அவுத்து விட்டிருக்காரு, அங்க பந்து ஆடிட்டிருந்த ஏழு வயசுப் பையனைக் கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு. பையன் பந்து பின்னாடி ஓடுனதாலதான் இது துரத்துச்சு, தப்பு ரெண்டு பக்கமும்தானேன்றாரு மாமனார். பக்கத்து கிளினிக்ல கட்டுப் போட்டு டிடி ஊசி போட்டாங்க, நாங்க மூவாயிரம் ரூபா குடுத்தோம், முடிஞ்சிதுன்னு நெனச்சோம். ஆனா அந்தப் பையனோட அம்மா வாசல்ல வந்து சத்தம் போட்டுட்டு, போலீசுக்குப் போவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நாய்க்கு ஊசி போட்ட கார்டு இருக்கு, ஆனா கடைசியா போட்டது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. கொழுந்தனார் பழைய தேதி போட்டு ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாம்ன்றாரு, வீட்டுக்காரர் செங்குன்றம் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்துடலாம்ன்றாரு. நாய்க்கு வெறி பிடிச்சிருக்குமா? எனக்குத் தூக்கமே வரல டாக்டர்.

பதில்: அம்மா, நான் லெட்டரை அந்த "கட்டுப் போட்டு டிடி ஊசி போட்டாங்க"ன்ற வரி வரைக்கும்தான் படிச்சேன், மீதியைப் படிக்காமலேயே கீழ இருந்த நம்பருக்குப் போன் பண்ணிட்டேன், அது உங்களுக்கே தெரியும். நீங்க நாயைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சீங்க, நான் பையன் பையன்னு கத்திட்டிருந்தேன், கொஞ்சம் கோவமாவே பேசிட்டேன், மன்னிச்சிக்கோங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பையனையும் அவங்கம்மாவையும் கூட்டிட்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க பாருங்க, இந்த விஷயத்துல இதுவரைக்கும் நடந்ததுலயே உருப்படியானது அது ஒண்ணுதான். உங்களை மாதிரியே நெறைய பேரு இதுல கோட்டை விடுறாங்க, அதனால போன்ல சொன்னதையே எல்லாருக்கும் சேர்த்து இங்க மறுபடி எழுதுறேன்.

டிடி ஊசி ரணஜன்னிக்கு. வெறிநாய்க்கடிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, போட வேண்டியதுதான், ஆனா அதை மட்டும் போட்டுட்டு வீட்டுக்கு வந்தா பாதி தூரம் கூட போகலன்னு அர்த்தம். நாய் கடிச்சி ரத்தம் வந்துச்சுன்னா மொத வேலை அங்கயே பார்க்ல இருக்கற கொழாயைத் தொறந்து விட்டு சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவறது, பதினஞ்சு நிமிஷம்னா நெசமாவே வாட்ச்சைப் பாத்து பதினஞ்சு, ரெண்டு சொம்பு ஊத்திட்டுத் தொடைக்கறது இல்ல. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மொளகாப்பொடி எதுவும் வெக்கக் கூடாது. (மொளகாப்பொடி வெச்ச காலை நானே பாத்திருக்கேன், அந்தப் பிள்ளை கடிச்சதுக்கு அழுதுச்சா இதுக்கு அழுதுச்சான்னே தெரியல.) கட்டு இறுக்கிப் போடக் கூடாது, தையலும் பெரும்பாலும் போட மாட்டாங்க. அப்புறம் தடுப்பூசி, இப்ப அரசு ஆஸ்பத்திரியில தோலுக்குள்ள போடுறது நாலு தடவை, மொத நாள் (அதை 0-ன்னு வெச்சி எண்ணணும்), 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசின்னு இன்னும் பயந்துட்டிருக்கவங்க இருக்காங்க, அதெல்லாம் நிறுத்தி இருவது வருஷம் ஆச்சு. பல்லு ஆழமா இறங்கி ரத்தம் வந்திருந்தா இது மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின்னு ஒண்ணு இருக்கு, அதைக் காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடுவாங்க, ஏன்னா தடுப்பூசி உடம்புல வேலை செய்ய நாளாகும், அது வரைக்கும் கிருமியைக் காயத்துலயே மடக்கிப் போட இதுதான். உங்க பையனுக்கு, பாருங்க உங்க பையன்னே எழுதுறேன், அந்தப் பையனுக்கு ரெண்டுமே போட்டாச்சுன்னு சொன்னீங்க. வெள்ளிக்கிழமை ரெண்டாவது. நான் மாட்டு டாக்டர்மா, எங்க ஏரியால நாயை மட்டுமே பாத்தாலும் எனக்கு அதான் பேரு, அதனால பையன் விஷயத்துல ஸ்டான்லி டாக்டருங்க சொல்றதுதான் முடிவு, நடுவுல நிறுத்தலாமா வேணாமான்னு அவங்களைக் கேக்காம யாரும் முடிவு பண்ணாதீங்க.

இப்ப நாய்க்கு வர்றேன். வெறி இருக்கான்னா, சாப்பிடுது, தண்ணி குடிக்குது, உங்களை அடையாளம் தெரியுது, கொரல் மாறலன்னு சொல்றீங்க, ஓடுற பையனைப் பாத்துத்தான் துரத்தியிருக்கு, கேக்கறதுக்கு வெறி மாதிரி இல்ல. ஆனா "இல்லவே இல்ல"ன்னு இன்னிக்கு எந்த டாக்டராலயும் எழுதிக் குடுக்க முடியாது. பத்து நாள் பாக்கணும். ஏன் பத்துன்னா, வெறி பிடிக்கப் போற நாயோட எச்சில்ல கிருமி வர ஆரம்பிக்கறதே கடைசி சில நாள்லதான், அப்படி எச்சில்ல கிருமி வந்த நாய் பத்து நாளைக்கு மேல நல்லா நடமாடிட்டிருக்காது. ஞாயித்துக்கிழமையில இருந்து எண்ணுங்க, அடுத்த வாரம் புதன் வரைக்கும். அது வரைக்கும் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது, வேற நாயோட சேரக் கூடாது, யாராவது ஒரே ஒரு ஆள் சாப்பாடு வெச்சா போதும்.

இதுல ஒரு விஷயம், வெறி நாய்னா சினிமால வர மாதிரி நொர தள்ளிக்கிட்டுப் பாயும்னு மட்டும் நெனச்சிக்காதீங்க. அமைதியா வர்ற வகையும் உண்டு, மூலையில இருட்டுல போய்ப் படுத்துக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஊத்தும், தண்ணி குடிக்கப் பாக்கும் ஆனா முழுங்க முடியாது. நல்லா படிச்சவங்களே "தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டர், நானே கையை வுட்டுப் பாத்தேன், ஒண்ணும் காணோம்"னு தூக்கிட்டு வருவாங்க. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் வயித்தைக் கலக்கும், நாயை விட்டுட்டு மொதல்ல அந்த மனுஷனைத்தான் ஊசிக்கு அனுப்புவேன். அப்படி எதாவது தெரிஞ்சா கையை வாய்க்குள்ள விடாம எனக்குப் போன் பண்ணுங்க. பத்து நாளுக்குள்ள செத்துப் போச்சுன்னா அவசரப்பட்டுப் பொதைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் சொல்லுங்க, வேப்பேரி கால்நடைக் கல்லூரில காமிக்கணும்.

அதுக்குள்ள நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டுடலாமான்னு போன்ல கேட்டீங்க. வேணாம். இப்ப போட்டு அதுக்குக் காய்ச்சலோ சோர்வோ வந்தா அது ஊசியாலயா வியாதியாலயான்னு பிரிக்க முடியாது. பத்து நாள் முடியட்டும்.

உங்க கொழுந்தனார் சொன்ன பழைய தேதி சர்டிபிகேட், அதை எங்கிட்டயும் கேக்கறவங்க வருவாங்க, "இன்னா டாக்டர், ஒரு சீல்தானே, ஒரு கையெழுத்துதானே"ன்னு. அந்த ஒரு சீலை நம்பி நாளைக்கு அந்தப் பையனோட டாக்டர் ஒரு முடிவு எடுத்தா? அந்தக் காகிதம் போய்ச் சேர்ற இடம் ஒரு ஏழு வயசு பிள்ளையோட உடம்பும்மா. போலீஸ் கேஸ் ஆனா அது தனிக் குத்தம் வேற. கார்டுல ரெண்டு வருஷம் காலியா இருந்தா காலியா இருக்குன்னே சொல்லுங்க.

செங்குன்றம் ஐடியாவைச் சொன்ன உங்க வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவம் இல்ல, பயத்துல சொல்றாரு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாயைக் கொண்டு போய் விட்டுட்டா பத்து நாள் யாரு பாக்கறது? அந்தப் பையன் வீட்ல "நாய் எங்க"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அது அங்க வேற எந்தப் பிள்ளை பின்னாடி ஓடும்? வீட்ல வளந்த நாய், ரோட்டு நாய்ங்க நடுவுல ரெண்டு நாள் கூட தாங்காது. பட்டினி கெடக்கற மாதிரி மிருகத்தை விட்டுட்டு வர்றது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே குத்தம். அக்கம்பக்கத்துல யாராவது கோவத்துல வெஷம் கிஷம் வெக்கறேன்னு பேசினா, அப்படி வெக்கறதும் குத்தம்தான், அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை, அதையும் நிதானமா எடுத்துச் சொல்லுங்க.

சரி, மாமனார் விஷயம். தப்பு ரெண்டு பக்கமும்னு சொல்றாரே, அதைக் கொஞ்சம் உக்காந்து பேசணும்.

ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளத்த நாய். 2005-ல நம்ம நாட்டு நாய் நாலுக்கு தபால்தலை போட்டாங்க, அதுல ஒண்ணு இது, பெருமைப்பட வேண்டிய நாய்தான், ஆனா ஓடுற எதைப் பாத்தாலும் அதோட காலு தானா ஓடும். இந்தப் பக்கம் வியாசர்பாடிப் பையன், கால்ல பந்து இருந்தா ஓடத்தான் செய்வான், அவனை ஓடாதன்னு சொல்ல முடியுமா, அந்த பார்க் போட்டதே அவன் ஓடறதுக்கு. நாய் துரத்துனது அதோட சுபாவம், பையன் ஓடுனது அவனோட வயசு. மிச்சம் இருக்கறது சங்கிலி. அதைக் கையில வெச்சிருந்தது யாருன்னு மாமனார்கிட்ட நீங்க கேக்க வேணாம், மருமக கேட்டா வீட்ல வேற சண்டை வரும், இதைப் படிக்கச் சொல்லுங்க போதும்.

ஐயா, உங்களைக் குத்தம் சொல்லி எழுதல. நீங்க தினமும் கூட்டிட்டுப் போறீங்க, முக்காவாசி வீட்ல அதுகூட இல்ல. போன்ல உங்க மருமக சொன்னாங்க, பகல் முழுக்க மொட்டை மாடில தண்ணி டேங்க் பைப்புல கட்டியிருக்கும்னு, அது சுத்திச் சுத்தி நடந்து தளத்துல வட்டமா ஒரு தடம் விழுந்துருக்குன்னு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கீழ எறங்குற நாய், அதுவும் அந்த சைஸு நாய், சங்கிலியை அவுத்ததும் என்ன பண்ணும்? ரப்பர் பேண்டை இழுத்துப் புடிச்சி விட்ட மாதிரி போகும். அதுக்குக் கோவமே இருந்திருக்காது, சந்தோஷமாத்தான் ஓடியிருக்கும்.

"ஒண்ணும் பண்ணாது சார், குழந்தை மாதிரி"ன்னு நீங்களும் சொல்லியிருப்பீங்க. இருவது வருஷத்துக்கு மேல என் கையில பல்லு பதிச்ச எல்லா நாயும் அந்த ஒண்ணும் பண்ணாத நாய்ங்கதான், பண்ணும்னு சொல்லிட்டுக் கொண்டு வந்தவன் நாய் ஒண்ணுகூட என்னைக் கடிச்சதில்ல, ஏன்னா அவன் வாயைக் கட்டிக் கொண்டு வருவான். என் நாயே, நான் வளத்த நாயே, பல வருஷத்துக்கு முன்னாடி பால்காரத் தம்பி தொடையைக் கவ்விடுச்சு. கேட்டைச் சாத்தாம விட்டது நான். நான் சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? "நீ ஏம்ப்பா ஓடுன?" டாக்டர் படிச்ச வாயி அப்படிச் சொல்லுச்சு. இன்னிக்கு வரைக்கும் அதை நெனச்சா கூசுது.

கடிக்கறதுக்கு முன்னாடி நாய் சொல்லிட்டுத்தான் கடிக்கும், நாமதான் பெஞ்சுல உக்காந்து வேற யார்கிட்டயோ பேசிட்டிருப்போம். தொங்கவிட்டு மூச்சு வாங்கிட்டிருந்த வாயை டக்குன்னு மூடும். அதை மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க, வாய் மூடறது. அப்புறம் வாலு ஆடாம வெறைப்பா நிக்கும், காது முன்னாடி வரும், உடம்பு கனம் முழுக்க முன்னங்காலுக்கு வரும், பார்வை ஒரே எடத்துல நிக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது திரும்பாது. அந்த ரெண்டு செகண்டுல கையில சங்கிலி இருந்தா இழுத்துடலாம், பெஞ்சு மேல இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

கேஸ் பத்தி ரொம்பப் பயப்படுறீங்க. நான் வக்கீல் இல்ல, தெரிஞ்சதைச் சொல்றேன். மிருகத்தை வெச்சிருக்கறவங்க அதால மனுஷனுக்கு ஆபத்து வராத அளவுக்குக் கவனமா பாத்துக்கலன்னா பாரதிய நியாய சன்ஹிதான்ற புது தண்டனைச் சட்டம் 291-வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல அஞ்சாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். பழைய ஐ.பி.சி. 289-ல அபராதம் ஆயிரத்துக்கு மேல போகாது, 2024 ஜூலை 1-ல இருந்துதான் இது மாறுச்சு. காயம் பெருசுன்னா வேற பிரிவும் சேரும். ஜாமீன்ல வர்ற குத்தம்தான். ஆனா மூவாயிரம் குடுத்ததால அவங்க போலீசுக்குப் போகக் கூடாதுன்னு எதுவும் இல்ல, போறது அவங்க உரிமை, "காசு வாங்கிட்டுப் போறியா"ன்னு உங்க வீட்ல யாரும் வாயைத் தொறந்துடாதீங்க. ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. வக்கீல் வெக்க வசதி இல்லன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவசமா கேக்கலாம், 15100. அந்த நம்பர் அந்தப் பையனோட அம்மாவுக்கும்தான், அவங்களுக்கு உங்களை விட அதிகமாவே தேவைப்படலாம்.

லைசென்ஸ் எடுத்தீங்களான்னு கேட்டேன், "நாய்க்குமா?"ன்னீங்க. 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்காவுல அஞ்சு வயசுப் பொண்ணை ரெண்டு ராட்வைலர் கடிச்சுக் கொதறினது ஞாபகம் இருக்கும், நாய்க்காரரைக் கைது பண்ணாங்க. அதுல இருந்து மாநகராட்சி புடி இறுக்க ஆரம்பிச்சுது, 2025 கடைசில லைசென்ஸ் இல்லாத வீட்டு நாய்க்கு அஞ்சாயிரம் அபராதம்னு சொல்லிட்டாங்க, பிட்புல், ராட்வைலருக்கெல்லாம் புதுசா லைசென்ஸே கிடையாது. உடனே நம்மாளுங்க என்ன நெனக்கறாங்கன்னா, நம்மளுது அந்த ஜாதி இல்ல, நாட்டு நாய், நமக்கு ஒண்ணுமில்லன்னு. பல்லு எல்லா ஜாதிக்கும் நாப்பத்திரெண்டுதாங்க. லைசென்ஸ் கட்டணம் வெறும் அம்பது ரூபா, அதுக்கு நடப்புல இருக்கற வெறிநோய் ஊசி சர்டிபிகேட் வேணும். மாநகராட்சியோட செல்லப்பிராணி கிளினிக் புளியந்தோப்புலயும் திரு.வி.க. நகர்லயும் இருக்கு, உங்களுக்கு ரெண்டுமே கிட்ட, ஊசி, அடையாளத்துக்குத் தோலுக்கடியில வெக்கற மைக்ரோசிப் எல்லாம் அங்கயே முடிச்சிக்கலாம்.

இனிமே அந்த பார்க்குக்கு அது போக வேணாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லல, அந்தப் பையன் மறுபடி அங்க பந்தைத் தூக்கிட்டு வரணும், வரும்போது வெள்ளையா எந்த நாயும் கண்ணுல படக் கூடாது. பத்து நாள் முடிஞ்சப்புறம் விடிகாலை அஞ்சு மணிக்கு ஆள் இல்லாத தெருவுல நடத்துங்க, முக்காமணி நேரம், சாயங்காலம் இன்னொரு தடவை. கழுத்துப்பட்டை மட்டும் போட்டா உருவிட்டு ஓடிடும், நெஞ்சைச் சுத்தி மாட்டுற பெல்ட் வாங்குங்க. பட்டன் அமுக்கினா நீளற கயிறு வேணவே வேணாம். வாய்க்கு மசில்னு கேட்டா கடையில துணில இறுக்கமா ஒண்ணு குடுப்பாங்க, அதை வாங்காதீங்க, நம்ம ஊரு வெயில்ல நாய் வாயைத் தொறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், வாயை இறுக்கிக் கட்டினா மயங்கி விழுந்துடும். கூடை மாதிரி இருக்கறதா கேளுங்க. மொத நாளே மாட்டாதீங்க, கூடைக்குள்ள ஒரு துண்டு ஈரலை வெச்சி அதுவா மூஞ்சை விடட்டும், அடுத்த நாள் மறுபடி, ஒரு வாரத்துல தானா வந்து மூஞ்சை நீட்டும். இந்தப் பத்து நாள் வீட்லதானே இருக்கப் போகுது, உங்களைத் தவிர யாரும் வேணாம், நீங்களே இந்தப் பழக்கத்தைப் பண்ணிடுங்க. மாடியில கட்டறதை நிறுத்துங்க, வீட்டுக்குள்ள ஒரு மூலை குடுங்க.

அப்புறம் அந்தப் பையனோட அம்மாகிட்ட. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதோட நிறுத்திடாதீங்க. மாமனாரே நேர்ல போகணும், காசை நீட்டிக்கிட்டு இல்ல, "நான்தாம்மா அவுத்து விட்டேன்"னு அவர் வாயால சொல்லணும். அவங்க திட்டுனா திட்டட்டும். மீதி ஊசிக்குப் போற ஆட்டோ, அன்னிக்கு அவங்களுக்குப் போற கூலி, இதையெல்லாம் நீங்க பாத்துக்கோங்க, கேக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னொண்ணு, நான் பல வீட்ல சொல்லி நல்லா வேலை செஞ்சது, தினமும் காலையில நாய் தண்ணி குடிக்கறதை ஒரு பத்து செகண்ட் வீடியோ எடுத்து அந்தம்மாவுக்கு வாட்ஸாப்ல அனுப்புங்க, புதன்கிழமை வரைக்கும். ராத்திரி பூரா அவங்க மனசுல ஓடிட்டிருக்கற கேள்வி அது ஒண்ணுதான், நீங்க தூக்கம் வரலன்னு எழுதியிருக்கீங்களே, அவங்களுக்கு மட்டும் வந்திருக்குமா. பத்து நாள் நல்லா இருந்தாலும் பையனுக்கு மீதி ஊசியை ஸ்டான்லி டாக்டர் சொல்ற வரைக்கும் விடாம போடணும், அதையும் ஞாபகப்படுத்திட்டே இருங்க.

பத்து நாள் முடிஞ்ச மறுநாள், அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, நாயை எங்கிட்டக் கொண்டு வாங்க. நடத்திக் கூட்டிட்டு வராதீங்க, ஆட்டோல வாங்க, மாமனார் கயித்தைப் புடிச்சிக்கட்டும். ஊசி போட்டு அன்னிக்குத் தேதியையே எழுதிக் குடுக்கறேன், அந்தப் பழைய கார்டையும் எடுத்துட்டு வாங்க.